மாட்டிக்கிச்சு பாஸ்... யார் எடுக்கிறது?

ஆரம்பத்துலயே ஒரு குட்டி வைவா. தெருவுல கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருக்கீங்க. பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கிட்டு ஒரு சுத்து சுத்துறான். பந்து 'சொய்ங்'னு போய் புளியமரத்துல ரெண்டு கிளைக்கு நடுவுல உட்கார்ந்துக்குது. கீழே வர்ற மாதிரி தெரியலை. பேட்ஸ்மேன் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கான். என்ன தீர்ப்பு?

'டூ டி... ரெண்டு ரன்னு டிக்ளேர்'னு ஒரு கோஷ்டி சொல்லும். 'டெட் பால், திரும்பப் போடு'னு இன்னொரு கோஷ்டி. 'மரத்துல பட்டாலே அவுட்டு'னு அடம்பிடிக்கிற தெருவும் உண்டு. பாலக்கோட்டுல ஒரு ரூல், பென்னாகரத்துல ஒரு ரூல், அரூர்ல தெருவுக்குத் தெரு ரூல். ஆனா, எல்லாத் தெருவுக்கும் ஒரு ஒத்துமை இருக்கு. முதல் பந்து போடுறதுக்கு முன்னாடியே அதைப் பேசி முடிச்சிருப்பாங்க. 'அடிச்சவன்தான் எடுக்கணும்'ங்கிற சட்டம் இல்லாத தெரு தமிழ்நாட்டுலயே கிடையாது. யார் அடிச்சாலும் அதே சட்டம். பேட் சொந்தக்காரன் அடிச்சாலும் அவன்தான் மரம் ஏறணும். (சில தெருவுல பேட் சொந்தக்காரனுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அது தனிக் கதை.)

எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு இருக்கிற இந்தத் தெளிவு, நாம இன்ஜினீயரிங் சேர்ந்து, கழுத்துல டேக் மாட்டிக்கிட்டு, சிம்போசியத்துல ரோபோ போட்டி நடத்தும்போது மட்டும் காணாமப் போயிடுது. அதைப் பத்தித்தான் இந்த வாரம்.

ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிடாதீங்க, ஒரே நிமிஷத்துல விளக்கிடுறேன். நம்ம பக்கத்து காலேஜ்கள்ல நடக்கிற ரோபோ போட்டியில பாதிக்கு மேல 'பிக் அண்ட் பிளேஸ்' வகைதான். பிளைவுட்ல ஒரு களம். அங்கங்கே பிளாஸ்டிக் பந்து, மரக்கட்டை, தெர்மாக்கோல் டப்பா கிடக்கும். ரோபோ அதைப் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போய் குழாய்லயோ கூடையிலயோ போடணும். மூணு நிமிஷத்துல யார் அதிகம் போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான். இதுல தினமும் நடக்கிற விபத்து, பொருள் மாட்டிக்கிறது. ரோபோவோட கையில மாட்டும், வயித்துல மாட்டும், குழாய் வாயில மாட்டும், களத்தோட விளிம்புல மாட்டும். மாட்டாத போட்டியை நான் பார்த்ததே இல்லை.

போன செமஸ்டர்ல தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ் (பேர் வேண்டாமே). கையில நோட்டு வெச்சுக்கிட்டு ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். பந்து போட வேண்டிய இடம் ஒரு பி.வி.சி. குழாய். கீழே ஒரு பக்கெட். குழாய்க்கு நடுவுல ஒரு எல்போ ஜாயின்ட். அந்த ஜாயின்ட்ல உள்பக்கம் பிசிறு எடுக்கலை போல. ஒரு டீம் போட்ட பந்து அங்கே நின்னுடுச்சு. பக்கத்துல இருந்த வாலன்டியர் அண்ணா சாதாரணமா கையை விட்டு பந்தை எடுத்து பக்கெட்ல போட்டுட்டார். பாயின்ட் ஏறிடுச்சு. யாரும் எதுவும் சொல்லலை. நானும் எதுவும் நினைக்கலை.

நாலு டீம் தள்ளி, செகண்ட் இயர் பொண்ணுங்க ரெண்டு பேர். ரோபோவோட கை சைக்கிள் ஸ்போக்ஸை வளைச்சுச் செஞ்சது. சக்கரம் பழைய பொம்மை கார்ல இருந்து கழட்டினது. பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் கில்லி மாதிரி வேலை செஞ்சுது. அவங்க போட்ட நாலாவது பந்து அதே ஜாயின்ட்ல நின்னுச்சு. அதுக்கு மேல போட்ட ரெண்டு பந்தும் அது தலையிலேயே அடுக்கிக்கிச்சு. வாலன்டியர் மாறியிருந்தார். புது ஆள் கையைக் கட்டிக்கிட்டு, "டைம் ஓடுது, டைம் ஓடுது"னு மட்டும் சொன்னார். மூணு பாயின்ட் குழாய்க்குள்ள. ரெண்டு பாயின்ட் வித்தியாசத்துல முதல் பரிசு போச்சு.

அந்தப் பொண்ணு அழலை, கத்தலை. "அண்ணா, அப்போ அவங்களுக்கு எடுத்து விட்டாங்களே..."னு மட்டும் கேட்டுச்சு. பதில்: "அது வேற, இது வேற மா."

அந்த அஞ்சு வார்த்தைக்கு மேல விளக்கம் எதுவும் வரலை. முதல் பரிசு 3,000 ரூபாய்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. நமக்கெல்லாம் மோட்டார், டிரைவர் போர்டு வேணும்னா பெங்களூரு எஸ்.பி. ரோடுக்கு பஸ் ஏறணும், இல்லேன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். போக வர செலவு, சாமான் செலவுனு பார்த்தா, அந்த 3,000 ரூபாய்தான் அவங்களோட அடுத்த ரோபோ. ரெஸ்யூம்ல 'ஃபர்ஸ்ட் பிரைஸ்'னு எழுதுறதுக்கும் 'பார்ட்டிசிபேட்டட்'னு எழுதுறதுக்கும் எவ்வளவு தூரம்னு ஃபைனல் இயர் அண்ணாக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க.

சரி, முதல்ல ஏன் மாட்டுதுன்னு பார்ப்போம். ஏன்னா, மாட்டுற விதத்தைப் பொறுத்துத்தான் யார் பொறுப்புன்னு முடிவு பண்ண முடியும்.

மாவு மில்லுக்குப் போயிருப்பீங்க. ராகியைக் கொட்டுற அந்தப் பெரிய தகரப் புனல் ஞாபகம் இருக்கா? திடீர்னு ராகி இறங்காது. மில்காரர் ஒரு கட்டையை எடுத்து 'டொக் டொக்'னு தட்டுவார். உடனே கடகடன்னு இறங்கும். உள்ளே நடந்தது என்னன்னா, தானியங்கள் ஒண்ணுக்கொண்ணு முட்டுக்கொடுத்து, பாலத்து அடியில இருக்கிற ஆர்ச் மாதிரி ஒரு வளைவு கட்டிக்கிச்சு. மேல எவ்வளவு எடை ஏறுதோ அவ்வளவு இறுகும். உருண்டையான பொருள்னா, வாய் அதோட விட்டத்தைப் போல சுமார் அஞ்சு மடங்குக்குக் கீழே இருந்தா இந்த ஆர்ச் கட்டுற வாய்ப்பு கூடிக்கிட்டே போகும். நம்ம ரோபோவோட வயித்துல அஞ்சு மடங்கு வாய்க்கு இடம் ஏது? ரெண்டு பந்து ஒரே நேரத்துல உள்ளே நுழைஞ்சா கதை முடிஞ்சுது. ஒவ்வொண்ணா வரிசையில விடுறதுதான் ஒரே வழி. அதனாலதான் நல்ல டீம்கள் ரோலரை வெச்சு பந்துகளை க்யூவுல நிக்க வைக்கிறாங்க. ரேஷன் கடை மாதிரி.

மாட்டினதுக்கு அப்புறம் நடக்கிறதுதான் இன்னும் கொடுமை. டி.சி. மோட்டார் சுத்த முடியாம நின்னுட்டா, அந்த நிலைமைக்கு ஸ்டால்னு பேர். மோட்டார் இழுக்கிற கரன்ட் அப்போதான் உச்சம். நாம எல்லாரும் வாங்குற சிவப்பு போர்டு இருக்கே, எல் 298 என்... அது ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும். கொஞ்சம் பெரிய 12 வோல்ட் கியர் மோட்டார் ஸ்டால் ஆனா அதைத் தாண்டிப் போறது சர்வ சாதாரணம். டீம் பதற்றத்துல பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கும். வாசனை வரும். அப்புறம் புகை வரும். ஆக, 'டைம் ஓடுது'னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ரூல், பாயின்டை மட்டும் இல்லை, போர்டையும் சேர்த்துத் தின்னுடுது. இன்னொரு பக்கம், ஓடுற ரோலருக்குள்ள வாலன்டியர் கையை விடுறது அதைவிட மோசம். பவர் ஆஃப் பண்ணாம யார் கையும் உள்ளே போகக் கூடாது. இதுல விவாதமே வேண்டாம்.

இப்போ கொஞ்சம் வெளியே போய்ப் பார்க்கலாம். பெரிய போட்டிகள்ல எல்லாம் பொருள் மாட்டாதா? தாராளமா மாட்டும். ஆனா, மாட்டுறதுக்கு முன்னாடியே விலை எழுதி ஒட்டியிருப்பாங்க.

நம்ம ஆளுங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ரோபோகான்ல இருந்து ஆரம்பிப்போம். ஆசிய பசிபிக் ஒளிபரப்பு யூனியன் நடத்துற போட்டி. முதல் தடவை 2002-ல டோக்கியோவுல நடந்துச்சு. டி.வி. நிறுவனங்கள் நடத்துற போட்டிங்கிறதால இந்தியாவுல இதுக்குப் பொறுப்பு நம்ம தூர்தர்ஷன். ஒவ்வொரு வருஷமும் நடத்துற நாடு தன் ஊர் விளையாட்டை, கதையை வெச்சு தீம் கொடுக்கும். 2022-ல புது டெல்லியில நடந்தப்போ கொடுத்த தீம் என்ன தெரியுமா? லகோரி! கர்நாடகா, மகாராஷ்டிரா பக்கம் லகோரி, வடக்கே பிட்டு, நாம தெருவுல ஆடுற ஏழு கல்லு. கல்லை அடுக்கி வெச்சு பந்தால அடிச்சு, எதிர் டீம் அடிக்கிறதுக்குள்ள திரும்ப அடுக்கணுமே, அதேதான். ரோபோவுக்காக ஏழு கல்லை அஞ்சு வட்டாக் குறைச்சுட்டாங்க. ஒரு ரோபோ பந்தை எறிஞ்சு அடுக்கைக் கலைக்கும், அதோட கூட்டாளி திரும்ப அடுக்கும்.

ரோபோகான்ல ரோபோ சிக்கலாயிடுச்சுன்னா ஒரே வழி, ரீட்ரை. டீம் நடுவர்கிட்ட கேட்கணும். நடுவர் ஓகே சொன்ன பிறகுதான் ரோபோவைத் தொடலாம். தொடங்கின இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஆரம்பிக்கணும். கடிகாரம் நிக்காது. பெரும்பாலான வருஷ ரூல் புக்ல ரீட்ரைக்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. எத்தனை தடவை வேணும்னாலும் கேளு, ஒவ்வொரு தடவையும் உன் நேரம் போகும். எவ்வளவு எளிமை பாருங்க. 'பாவம் பொண்ணுங்க', 'நம்ம சீனியர் டீம்', 'தூரத்துல இருந்து வந்திருக்காங்க' எதுக்கும் அதுல இடமே இல்லை.

2024-ல வியட்நாம்ல நடந்த ரோபோகான் இன்னும் நம்ம ஊருக்குப் பக்கம். தீம் விவசாயம். நாத்து நடணும், அறுவடை பண்ணணும், சைலோவுல தானியத்தைச் சேர்க்கணும். தானியம்னா பந்து. ஒரு சைலோவுல 3 பந்துதான் பிடிக்கும். அதுல ரெண்டாவது உன் கலரா இருக்கணும், உச்சியில இருக்கிறதும் உன் கலரா இருக்கணும். அப்போதான் அது உன் கணக்கு. பதர்னு தனியா ஒரு கலர் பந்து வேற, அதை எடுக்காம ஒதுக்கணும். உச்சிப் பந்துதான் தீர்ப்புன்னா, சைலோ வாயில ஒரு பந்து பாதி உள்ளே பாதி வெளியே நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. ஒரு பந்தோட நிலைமை ஆட்டத்தையே மாத்திடும். அப்படிப்பட்ட ஆட்டத்துல 'உள்ளே'ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் எழுதாம விசில் ஊத முடியுமா?

அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஃபர்ஸ்ட் அமைப்பு இன்னொரு திசையில யோசிச்சது. டீன் கேமன் 1989-ல தொடங்கின அமைப்பு. 1992-ல நடந்த அவங்களோட முதல் போட்டியில களம் முழுக்க மக்காச்சோளத்தைக் கொட்டி, அது மேல ரோபோவை ஓட விட்டு டென்னிஸ் பந்து பொறுக்கச் சொன்னாங்க. சக்கரத்துல சோளம் மாட்டணும்னே பண்ணின மாதிரி இருக்கு இல்லை?

அவங்களோட 2014 ஆட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 3 ரோபோ சேர்ந்த ஒரு கூட்டணிக்கு முக்கால்வாசி ஆட்டமும் ஒரே ஒரு பெரிய பந்துதான். அந்த ஒண்ணைப் போட்டாத்தான் அடுத்தது வரும். இப்போ அந்த ஒரே பந்து, செத்துப்போன ஒரு ரோபோவோட வயித்துல மாட்டிக்கிச்சுன்னு வைங்க. மூணு டீமும் மீதி நேரம் முழுக்க வேடிக்கைதான் பார்க்கணும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்சது ஒரு அட்டை. 'டெட் பால் கார்டு'. கூட்டணி அந்த அட்டையைத் தூக்கிக் காட்டணும். தலைமை நடுவர் பார்த்து, ஆமா இது இனி வராதுன்னு ஒத்துக்கிட்டா புதுப் பந்து. கேட்க வேண்டியது டீம், முடிவு பண்ண வேண்டியது ஒரே ஒரு ஆள். பக்கத்துல நிக்கிற வாலன்டியரோட இரக்கத்துக்கு அங்கே வேலை இல்லை.

அதே அமைப்போட லெகோ போட்டியில சின்னப் பசங்களுக்கு வேற விதம். சமீப சீசன்கள்ல ஆட்டம் தொடங்கும்போதே கையில 6 டோக்கன் கொடுத்துடுவாங்க. ரோபோ வெளியில சிக்கி நின்னு, அதைக் கையால தொட்டுத் தூக்கினா ஒரு டோக்கன் போச்சு. ஆறும் மிச்சம் இருந்தா 50 பாயின்ட். அஞ்சு இருந்தாலும் 50-தான், முதல் தப்புக்கு மன்னிப்பு. அதுக்கப்புறம் இறங்கிக்கிட்டே வந்து, டோக்கனே இல்லேன்னா 0. இன்னொரு அழகான விஷயம், மயிரிழை முடிவுகள்ல எந்தப் பக்கமும் ஆதாரம் இல்லேன்னா சந்தேகத்தின் பலன் ஆடுற டீமுக்கு. நம்ம எல்.பி.டபிள்யூ.வுல பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கிற மாதிரி.

கிரிக்கெட்னு சொன்னதும் ஞாபகம் வருது. பந்து பேட்ஸ்மேனோட பேடுலயோ டிரெஸ்லயோ சொருகிக்கிச்சுன்னா டெட் பால், ஏன், அம்பயரோட டிரெஸ்ல சொருகினாலும் டெட் பால்தான். ஃபீல்டரோட ஹெல்மெட்ல சொருகினாலும் ஒரு காலத்துல டெட் பால். 2017-ல அதை மாத்தி, இப்போ அப்படிப் பிடிச்சாலும் கேட்ச்னு ஆக்கிட்டாங்க. சரியா தப்பாங்கிறது வேற சண்டை. உலகம் முழுக்க எல்லாருக்கும் மாத்தினாங்க, அதுதான் விஷயம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன். சிகாகோவுல ரிக்லி ஃபீல்டுனு ஒரு பேஸ்பால் மைதானம். சுவர் முழுக்க ஐவி கொடி படர்ந்திருக்கும். பந்து போய் கொடிக்குள்ள சொருகிக்கும். அப்போ ஃபீல்டர் பந்தைத் தேடாம ரெண்டு கையையும் மேல தூக்கிடணும். அடிச்சவனுக்கு ரெண்டு பேஸ், அதோட முடிஞ்சுது. நம்ம ஊரு 'டூ டி'யேதான்! ஆனா, கையைத் தூக்காம கொடிக்குள்ள கையை விட்டுத் துழாவ ஆரம்பிச்சா ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அடிச்சவன் ஓடிக்கிட்டே இருக்கலாம். 'மாட்டிக்கிச்சு'ன்னு அறிவிக்கணுமா, முயற்சி பண்ணணுமா, ரெண்டுல ஒண்ணு. ரெண்டுலயும் கால் வைக்க முடியாது.

இப்போ நம்ம சிம்போசியத்துக்குத் திரும்புவோம். செட்டிக்கரையில அரசு பொறியியல் கல்லூரி 2013-ல வந்ததுக்கு அப்புறம் தர்மபுரி மாவட்டத்துப் பசங்க ரோபோ கட்ட சேலத்துக்கும் கோவைக்கும் போய்த்தான் சேரணும்னு இல்லை. நம்ம சுத்து வட்டாரத்துல போட்டிகள் நிறைய நடக்குது. நடத்துறது வாத்தியார் இல்லை, நாமதான். செகண்ட் இயர், தேர்டு இயர். அதனால ரூல் ஷீட் எழுதப்போற உங்களுக்கு நேராவே சொல்றேன்.

மாட்டினது எங்கேன்னு முதல்ல பிரிங்க. ரோபோவுக்குள்ள மாட்டினா அது டீமோட பொறுப்பு. அடிச்சவன்தான் எடுக்கணும். டீம் கையைத் தூக்கி 'ஜாம்'னு சொல்லணும். கோ-ஆர்டினேட்டர் தலையாட்டினதும் பவர் ஆஃப், ரோபோ ஸ்டார்ட்டிங் பாயின்டுக்குப் போகணும், பந்து எடுத்த இடத்துக்கே திரும்பணும். கடிகாரம் ஓடட்டும். ஏற்கெனவே வாங்கின பாயின்ட் அப்படியே இருக்கட்டும். ஸ்டால் ஆன மோட்டாரோட மல்லுக்கட்டி போர்டை எரிக்கிறதைவிட, 15 செகண்ட் இழந்துட்டு மறுபடி ஓடுறது எவ்வளவோ மேல்.

களத்துல மாட்டினா, அதாவது அந்த எல்போ ஜாயின்ட் மாதிரி, அது நடத்துறவங்க பொறுப்பு. டீம் ஏன் அதுக்கு விலை கொடுக்கணும்? ஃபர்ஸ்ட் அமைப்போட பெரிய போட்டியில, களத்தோட கோளாறு முடிவைப் பாதிச்சதுன்னு தலைமை நடுவர் நினைச்சு, பாதிக்கப்பட்ட டீமும் கேட்டா, மேட்ச் திரும்ப நடக்கும். 'டீமும் கேட்டா'ங்கிறது முக்கியம் பாஸ். நல்லா ஓடின ரவுண்டை யாரும் வலுக்கட்டாயமா திரும்ப ஓட வைக்க மாட்டாங்க. நாமளும் அதே செய்யலாம். ஓடின ரவுண்டை வெச்சுக்கிறீங்களா, கடைசியில ஒரு ரீ-ரன் எடுத்துக்கிறீங்களா? எடுத்தா பழைய ஸ்கோர் ரத்து.

'40 டீம் வருது, ரீ-ரன்னுக்கெல்லாம் நேரம் ஏது?'ன்னு எங்க டிபார்ட்மென்ட்லயே ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீமுக்கு 3 நிமிஷ ஓட்டம், 2 நிமிஷ ஏற்பாடு, 40 டீமுக்கு 200 நிமிஷம். அஞ்சு ரீ-ரன் வந்தாலும் 25 நிமிஷம். சீஃப் கெஸ்ட் லேட்டா வர்றதுக்கு நாம ஒதுக்குற நேரத்தைவிட இது கம்மி!

அதைவிட நல்ல வழி, ரீ-ரன்னே வராம பார்த்துக்கிறது. முந்தின நாள் சாயங்காலம், போட்டியில வைக்கப்போற அதே பந்துகளை, அதே குழாய்ல 50 தடவை போட்டுப் பாருங்க. ஒரு தடவை நின்னாலும் குழாயை மாத்துங்க. பந்துகள் எல்லாம் ஒரே கடையில, ஒரே பாக்கெட்ல வாங்கினதா இருக்கட்டும். தெர்மாக்கோல்னா இன்னும் ஜாக்கிரதை, ரெண்டு ரவுண்டு ரோபோ கடிச்சதுமே அளவு மாறிடும். அரை மணி நேர வேலை இது. அன்னைக்கு அந்த பி.வி.சி. குழாய்க்கு யாராவது ஒரு துண்டு உப்புத்தாள் தேய்ச்சிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

பாதி உள்ளே, பாதி வெளியே கேஸ் ஒண்ணு பாக்கி. விசில் அடிச்சதும் எண்ண ஆரம்பிக்காதீங்க. எல்லாம் ஆடி அடங்கட்டும். வெக்ஸ் போட்டிகள்ல அப்படித்தான், ரோபோவும் பொருளும் அசைவில்லாம நின்ன பிறகுதான் கணக்கு. ரோபோ இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கிற பந்து செல்லாதுன்னு முன்னாடியே எழுதிடுங்க. 'உள்ளே'ன்னா குழாய் வாயோட விளிம்பைப் பந்து முழுசா தாண்டியிருக்கணுமா, தொட்டாப் போதுமா, அதையும் ஒரு வரியில எழுதுங்க. எது வேணும்னாலும் எழுதுங்க, எனக்குக் கவலை இல்லை. ஆனா, எழுதுங்க. சந்தேகம்னா மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துட்டு அப்புறம் கையை வைங்க.

களத்தை விட்டு வெளியே தெறிச்சு விழுற பந்துக்கும் இதேதான். ஃபர்ஸ்டோட டெக் சேலஞ்ச் போட்டியில, வெளியே போன பொருளை, அது போன இடத்துக்குப் பக்கத்துலயே, பாயின்ட் கிடைக்காத இடத்துல, பாதுகாப்பான நேரம் பார்த்து வாலன்டியர்தான் திரும்ப வைப்பாங்க. வேணும்னே தள்ளினா அது தப்பு, தெரியாம போனா தப்பில்லை. வாலன்டியரோட கை களத்துக்குள்ள வர்றதுக்கு அனுமதி இருக்கு, ஆனா அந்தக் கை எங்கே வைக்கணும்னு எழுதியிருக்கு. நம்ம அண்ணா பந்தை எடுத்தது தப்பில்லை. பக்கெட்ல போட்டதுதான் தப்பு.

'ஏம்ப்பா, நாம கத்துக்கத்தானே வந்திருக்கோம். இவ்வளவு கறாரா இருக்கணுமா? ஒரு பந்தை எடுத்து விட்டா குடியா முழுகிடும்?' இது எனக்கு வந்த இன்னொரு கேள்வி. இதுக்கு எனக்குக் கோபம் வரலை, ஏன்னா கேட்ட அக்கா நிஜமாவே நல்ல மனசுக்காரங்க. ஆனா, அந்த நல்ல மனசுக்கு வேற இடம் இருக்கு. ஃபர்ஸ்ட் அமைப்புல 'கிரேஷியஸ் புரஃபஷனலிசம்'னு ஒரு வார்த்தை ரொம்பப் பிரபலம். அதைப் பரப்பினவர் எம்.ஐ.டி. புரொஃபசர் உட்டி ஃபிளவர்ஸ். 2019-ல இறந்துட்டார். எதிர் டீமை மரியாதையா நடத்து, உதவி செய், ஆனா களத்துல விட்டுக்கொடுக்காம மோது, அதுதான் அதுக்கு அர்த்தம். போட்டிக்கு முன்னாடி மோட்டார் இல்லாத டீமுக்கு உங்க ஸ்பேர் மோட்டாரைக் கொடுங்க. சால்டரிங் அயர்ன் கொடுங்க. ஜாம் ஏன் ஆச்சுன்னு பக்கத்துல உட்கார்ந்து கழட்டிக் காட்டுங்க. ஆனா, விசிலுக்கும் விசிலுக்கும் நடுவுல ஒரு டீமுக்கு நீங்க எடுத்துக் கொடுக்கிற பந்து, இன்னொரு டீமோட ரேங்க்ல இருந்து உருவின பந்து. அந்த டீம் அப்போ அங்கே நிக்கலை, கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும். அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

போட்டியாளரா போறவங்களுக்கும் ஒரு விஷயம். ரூல் சொல்லும்போது கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து வயரை முறுக்கிக்கிட்டு இருக்காதீங்க. 'குழாய்ல நின்னா என்ன கணக்கு? ரோபோவுல மாட்டினா தொடலாமா? கடிகாரம் நிக்குமா?' இந்த மூணையும் எல்லார் முன்னாடியும் கேளுங்க. பதில் எல்லார் காதுலயும் விழணும். தனியா போய் சீனியர்கிட்ட கேட்டு வாங்குற பதில் ரெண்டாவது ரவுண்டுல மாறிடும். அந்த ரெண்டு பொண்ணுங்களும் இப்போ அப்படித்தான் செய்றாங்களாம். ஒரு தாள்ல கேள்விகளை எழுதி எடுத்துக்கிட்டுப் போறதா சொன்னாங்க. ரோபோவுக்குப் புதுக் கையும் வந்தாச்சு. ஸ்போக்ஸ்தான், ஆனா இந்தத் தடவை வண்டி ஸ்போக்ஸ்!

முடிக்கிறதுக்கு முன்னாடி, எனக்கே இன்னும் முழுசா விடை தெரியாத ஒரு கேஸ். ரெண்டு ரோபோவும் ஒரே நேரத்துல ஓடுற போட்டி. ஒரே கட்டையை ரெண்டும் ரெண்டு பக்கமா கவ்விக்கிச்சு. ரெண்டாலயும் விட முடியலை. தப்பு யார் மேலயும் இல்லை. என்ன செய்யலாம்?

'கடிகாரம் ஓடட்டும், ரெண்டு பேருக்கும் ஒரே நஷ்டம்தானே'ன்னுதான் முதல்ல எனக்கும் தோணுச்சு. ஆனா நஷ்டம் ஒண்ணு இல்லை. 6 பாயின்ட் முன்னாடி இருக்கிற டீமுக்கு மாட்டிக்கிட்டு இருக்கிறதே லாபம், வெளியே வர அவசரமே படாது. வெக்ஸ்ல பல சீசன்களா எதிராளி ரோபோவை மடக்கிப் பிடிச்சு வைக்க 5 செகண்ட்தான் அனுமதி. அதை நான் கடன் வாங்கிக்கிறேன். கோ-ஆர்டினேட்டர் சத்தமா 5 எண்ணணும். அதுக்குள்ள பிரியலைன்னா கடிகாரத்தை நிறுத்திட்டு, ரெண்டு ரோபோவும் ஸ்டார்ட்டிங் பாயின்டுக்கு, கட்டை களத்தோட நட்ட நடுவுக்கு. பிறகு விசில்.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. பின்தங்கி இருக்கிற டீம், தனக்கு ஒரு ரீஸ்டார்ட் வேணும்னே போய் கவ்விக்கலாம். அதை எப்படி அடைக்கிறது? யோசிச்சு ஒரு போஸ்ட் கார்டுல எழுதிப் போடுங்க. நல்ல பதிலை அடுத்த வாரமே இங்கே போட்டுடலாம்.